பனி விலகும் காலத்தில் நாம்

மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனிற்காலம். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்த எமது முன்னோரின் கணக்கு இது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எமது உறவுகள் தொலைபேசியில் பேசும்போது, பனி கரைந்து மரங்கள் துளிர்க்கின்றன, வசந்தம் வந்துவிட்டது என்கிறார்கள். அதே மாதங்களில் எமது ஊரிலும் ஒரு பருவமாற்றம் நடைபெறுகின்றது. ஆனால் அதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் இடையில் அது எம்மைக் கடந்து போய்விடுகின்றது.

பருவம் மாறுகின்றபோது பெண்ணின் வேலை மாறுகின்றது, வருமானம் மாறுகின்றது, உடல்நலம் மாறுகின்றது, மனநிலையும் மாறுகின்றது. குறிப்பாகப் போரினால் பாதிக்கப்பட்டு, தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களுக்குத் தை முதல் சித்திரை வரையான மாதங்கள் ஆண்டின் மிக முக்கியமான மாதங்கள் எனலாம். இக்கட்டுரை அந்த மாதங்களைப் பற்றியது.

எமது மண்ணின் பருவமாற்றம்

இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான காலத்தை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் என்றும், மார்ச், ஏப்ரல் மாதங்களை முதலாவது இடைப்பருவக் காலம் என்றும் வகுத்துள்ளது. வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கிடைத்துவிடுகின்றது. தை பிறந்ததும் மழை குறைகின்றது. முகில் இல்லாத இரவுகளில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடுவதால் விடியற்காலையில் நிலம் குளிர்ந்து பனி பெய்கின்றது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று எமது பாட்டிமார் சொன்னது இதைத்தான். நுவரெலியாவில் இதே காலத்தில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்துகள் கருகுவதும் உண்டு.

பங்குனியில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. ஏப்ரல் முதல் வாரத்தில் நாட்டின் தென்முனைக்கு நேர் உச்சியில் நிற்கும் சூரியன், சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் வடமுனைக்கு மேலாக வருகின்றது. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகக் காற்று இன்னும் தொடங்காத இடைவெளி இது. கடல் அமைதியாகின்றது. வேம்பு பூக்கின்றது. கிணற்று நீர் மெல்ல மெல்லக் கீழிறங்குகின்றது. 2009இன் பின்னர் "வடக்கின் வசந்தம்" என்ற பெயரில் ஓர் அபிவிருத்தித் திட்டம் வந்தது. வீதிகள் திருத்தப்பட்டன, மின்சாரம் வந்தது, 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இவை தேவையானவைதான். ஆனால் ஒரு பெண்ணின் வீட்டில் வசந்தம் வந்ததா இல்லையா என்பதை அவளது அடுக்களைப் பானையும் அவளது நித்திரையும்தான் சொல்லும்.

உடல் மறக்காத மாதங்கள்

களப்பணியின்போது பல கிராமங்களில் ஒரே விடயத்தை நான் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கின்றேன். தைப்பொங்கல் முடிந்தால் நித்திரை வருவதில்லை என்பார் ஒருவர். பங்குனி வெயில் ஏறினால் நெஞ்சு படபடக்கின்றது, காரணம் தெரியவில்லை என்பார் இன்னொருவர். பிள்ளைகளிடம் எரிந்து விழுவதாகவும் பிறகு தனியே இருந்து அழுவதாகவும் ஒரு தாய் கூறினார். இவர்களில் பெரும்பாலானோர் இதை வெயிலின் சூடு என்றோ, இரத்த அழுத்தம் என்றோ நினைத்திருந்தார்கள்.

நாட்காட்டியைப் புரட்டினால் காரணம் தெரியும். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஜனவரி 25இல் முல்லைத்தீவு நகரம். மே 18இல் போர் முடிந்தது. அதாவது தை பிறப்பதற்குச் சற்று முன்னர் தொடங்கி வைகாசியின் முதல் நாட்கள் வரை, பனிக்காலம் இளவேனிலாக மாறுகின்ற அதே மாதங்களில்தான் வன்னி மக்கள் இடம்விட்டு இடம் ஓடிக்கொண்டிருந்தார்கள். விளைந்து நின்ற வயலைப் பலர் அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் கூடாரங்களில் வெயிலில் வெந்தார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். அந்த மாதங்களின் வெளிச்சமும் காற்றும் வெக்கையும் மீண்டும் வரும்போது, மனம் நினைக்காவிட்டாலும் உடல் நினைக்கின்றது. உளவியலாளர்கள் இதனை ஆண்டு நினைவு எதிர்வினை என்பார்கள். இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. பெரும் இழப்பைச் சந்தித்த மனிதருக்கு இயல்பாக வருவது.

எல்லோருக்கும் ஒரே மாதம் அல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளுக்கும், 1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும் ஐப்பசியே அந்த மாதம். 2004 டிசம்பர் 26இல் கடலிடம் பிள்ளைகளைக் கொடுத்தவர்களுக்கு அது மார்கழி. உங்களுக்கு எந்த மாதம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதில் இன்னுமொரு வேதனை உண்டு. இறந்த நாள் தெரிந்தால் திதி கொடுக்கலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம், அன்றைக்கு அழுதுவிட்டு மறுநாள் எழும்பலாம். கணவனோ பிள்ளையோ காணாமல் போன பெண்ணுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. நாள் இல்லாதபடியால் துக்கம் பருவம் முழுவதும் பரந்து கிடக்கின்றது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் பனி, வெயில், மழை என்று எத்தனையோ பருவங்களைக் கண்டுவிட்டது. அந்தத் தாய்மாரிடம் மறந்துவிடு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் நினைவைச் சுமப்பதற்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்க உதவலாம். வீட்டில் ஒரு விளக்கு, ஒரு மரக்கன்று, கிழமையில் ஒரு பொழுது என்று ஏதாவது ஒன்று.

ஊர் சிரிக்கும்போது

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இல் வெளியிட்ட ஆய்வு நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். மனிதர் தம் உயிரை மாய்த்துக்கொள்வது இருண்ட குளிர்காலத்திலேயே அதிகம் என்று பலரும் நம்பியிருந்தனர். ஐரோப்பிய நாடுகளின் பதிவுகளோ, பகல் நீண்டு வெயில் கூடும் மாதங்களிலேயே அது அதிகம் என்று காட்டின. வெப்பம் அல்ல, அந்த மாதங்களில் சமூக வாழ்க்கை வேகமடைவதே இதற்குக் காரணம் என அவர் விளக்கினார்.

எமது ஊரை நினைத்துப் பாருங்கள். பங்குனித் திங்களில் அம்மன் கோயில்களில் பொங்கல். தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு. சித்திரையில் புத்தாண்டு. பிறகு கல்யாண முகூர்த்தங்கள். ஊர் முழுக்கப் புதுச்சீலையும் பலகாரமுமாக இருக்கும்போது, கணவனை இழந்தவள் மங்கல காரியத்துக்கு முன்னே வரக்கூடாது என்று இன்னும் சில இடங்களில் ஒதுக்கப்படுகின்றாள். மழைக்காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள்ளே இருப்பதால் அவளது தனிமை அவளுக்கே பெரிதாகத் தெரிவதில்லை. ஊர் கலகலப்பாகும்போதுதான் அது நெஞ்சை அழுத்துகின்றது. எனவே அயலில் உள்ள சகோதரிகளே, பண்டிகைக் காலம் சந்தோச காலம், இப்போது யாரையும் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். தனியே இருப்பவளின் படலையை இந்த மாதங்களில்தான் தட்ட வேண்டும்.

நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு, சாப்பாட்டில் வெறுப்பு என்பன இரண்டு கிழமைகளுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலைகளிலும் இப்பிரிவு உண்டு. 1926 என்பது தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம். வீட்டு வன்முறை போன்ற பிரச்சினைகளுக்கு மகளிர் உதவி இலக்கம் 1938. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகின்றது என்பதை விரிவாக எழுதியுள்ளார். சமூகத்துக்கு வந்த காயத்தை ஒரு பெண் தனியே ஆற்ற முடியாது.

நெல் நிறையும் மாதம், கடன் நுழையும் மாதம்

காலபோக அறுவடை தை, மாசியில் நடக்கின்றது. முன்னர் அருவி வெட்டும் சூடடிப்பும் பெண்களுக்கு வேலை கொடுத்தன. கூலியாக நெல் கிடைத்தது. வெட்டிய வயலில் கதிர் பொறுக்கியே சில மாதச் சோற்றைச் சேர்த்த குடும்பங்கள் உண்டு. இன்று வெட்டு இயந்திரம் சில மணித்தியாலங்களில் வயலை முடித்துவிடுகின்றது. சொந்தக் காணி இல்லாத பெண்ணுக்கு அறுவடைக்காலம் முன்னரைப்போல வருமானக் காலமாக இல்லை.

சொந்த வயல் உள்ளவர்களுக்கு வேறு பிரச்சினை. உரக்கடைக் கடன், உழவு இயந்திரக் கூலி, நகை அடகு எல்லாம் அறுவடைக்குக் காத்திருக்கின்றன. அதனால் ஈர நெல்லை வயலிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, ஆடி மாதத்தில் கடையில் அரிசி வாங்குகின்றோம். விற்றபோது மலிவு, வாங்கும்போது விலை. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லையே கேட்கின்றது. அதாவது பின்பனி வெயிலில் நன்றாகக் காயவைத்த நெல்லுக்கே நல்ல விலை. காயவைத்தல் என்பது சிறிய வேலை போலத் தெரியும். இலாபமும் நட்டமும் அதில்தான் பிரிகின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி என்றால், மாசி முதல் ஆவணி வரை ஏழு மாதங்களுக்கு 210 கிலோ அரிசி வேண்டும். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும் என வைத்துக்கொண்டால், சுமார் 325 கிலோ நெல் தேவை. மூடை 65 கிலோ என்றால் ஐந்து மூடை. வியாபாரியின் லொறி வளவுக்குள் வருவதற்கு முன்னரே இந்த ஐந்து மூடையையும், விதைநெல்லையும் வேறாக எடுத்து வைத்துவிட வேண்டும். மிகுதியையே விற்க வேண்டும்.

நெல் முடிந்து கூலி வேலையும் இல்லாத பங்குனி, சித்திரையில்தான் கிழமைக் கடன் கொடுப்பவர்கள் வாசலுக்கு வருகின்றார்கள். பிள்ளைக்குப் புத்தாண்டுச் சட்டை, கோயில் செலவு என்று கையெழுத்து வைத்துவிடுகின்றோம். சிறுபோகத்துக்கு நீர் இல்லாத ஆண்டில் அந்தக் கடனைக் கட்ட வழி இல்லை. இது தனிப்பட்டவரின் ஊதாரித்தனம் அல்ல. வறட்சிக்கும் நுண்கடனுக்கும் உள்ள தொடர்பு நாடறிந்தது. 2018இல் அரசாங்கமே வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணத் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. எனவே கையெழுத்து வைக்குமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஆனி, ஆடியில், கையில் வேலை இல்லாத கிழமையிலும் இந்தப் பணத்தைக் கட்ட என்னால் முடியுமா? முடியாது என்றால் மாதர் சங்கத்தின் சுழற்சிமுறைக் கடனையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ முதலில் நாடுங்கள்.

வெயில் தரும் வேலைகள்

பின்பனிக்காலத்தின் காய்ந்த காற்றும் தெளிந்த வெயிலும் எமக்கு இலவசமாகக் கிடைக்கும் மூலதனம். ஆவணி, புரட்டாதியில் பாத்தி போட்ட பனம்விதை தை, மாசியில் கிழங்காகக் கையில் வருகின்றது. பச்சைக் கிழங்கை உரித்துப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை நீரில் கரைத்து ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை மாற்றி மாற்றி வடித்தால் கசப்புப் போகும். பிறகு கூழும் பிட்டும் எல்லாக் காலத்துக்கும் உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பின்பனி பின்னிரவில் விழும். பொழுதுபடுமுன் பாயோடு சுருட்டி உள்ளே வைக்காவிட்டால், பகல் முழுக்கக் காய்ந்தது இரவில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பங்குனியில் புளி. கோது உடைத்து, கொட்டையும் நாரும் நீக்கி, உப்புத் தூவி வெயிலில் காட்டி மண்பானையில் அடைத்தால் அடுத்த புளி வரும்வரை கெடாது. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ. மரத்தின் கீழே பழைய சீலையை விரித்து உதிர்ந்த பூவை எடுக்கலாம். ஊறவைத்து அரைத்த உழுந்து, வெட்டிய செத்தல் மிளகாய், சீரகம், உப்புச் சேர்த்து உருட்டிக் காயவைத்த வேப்பம்பூ வடகத்துக்குக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்கள் எவ்வளவு ஆசைப்படுகின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கரையோரச் சகோதரிகளுக்குக் கடல் அமைதியாகும் இக்காலம் கருவாட்டுக் காலம். நெல் வெட்டிய வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறும் எள்ளும் விதைக்கலாம். திருவிழாக்களில் கச்சான் கடை போடும் பெண்களுக்கும் இது உழைக்கும் காலம்.

தனியே செய்தால் இவை கைச்செலவுக்குத்தான் காணும். ஐந்தாறு பேர் சேர்ந்து செய்தால் நிறுவைத் தராசும் நல்ல பொதியும் பெயர்ச்சீட்டும் வாங்கலாம். வியாபாரியிடம் விலை பேசவும் பலம் வரும். இன்னுமொரு பயனையும் கண்டிருக்கின்றேன். ஒரு முற்றத்தில் கூடிப் புளி உடைக்கும் பெண்கள், மருத்துவரிடம் சொல்லாததைக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றார்கள்.

பருவம் எப்போதும் எமது கணக்குப்படி வருவதில்லை என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பெய்த பெருமழை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற நெல்லை மூழ்கடித்தது. ஒரே வருமானத்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கிணறும் உடல்நலமும்

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை நிலத்தடியில் தேங்குவதே கோடைக்கான தண்ணீர். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும். மாசியிலிருந்தே கிணற்றுக் கட்டில் ஓர் அடையாளம் வைத்து, நீர் எவ்வளவு இறங்குகின்றது என்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாழைக்கும் கத்தரிக்கும் திருப்பிவிடுங்கள்.

மழை விட்டாலும் வளவில் தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தது. வயல் வேலைக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் பனிக்காய்ச்சல் என்று வீட்டில் கிடக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பங்குனி, சித்திரையில் நண்பகல் வெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் வேலை செய்யுங்கள். பெண்கள் பலர் வெளியில் மலசலகூட வசதி இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகின்றார்கள். சிறுநீர் அழற்சிக்கு இதுவே காரணமாகின்றது. வேலைத்தளத்தில் மலசலகூடம் கேட்பது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல.

சித்திரைக்கு முன்

போர் சொல்லிவிட்டு வரவில்லை. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். ஆனால் பருவம் சொல்லிவிட்டுத்தான் வருகின்றது. நெஞ்சு கனக்கும் மாதமும், கை வெறுமையாகும் மாதமும், கிணறு இறங்கும் மாதமும் எவை என்று எமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்து வரும் சுமைக்குத் தயாராகலாம். தை மாதத்திலேயே உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் மூன்று விடயங்களைப் பேசுங்கள். எந்தெந்த வீட்டில் எத்தனை மூடை நெல் இருக்கின்றது? எந்தெந்த மாதம் யாருக்குப் பாரமான மாதம்? அந்த மாதத்தில் அவளோடு யார் இருப்பது? இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

சித்திரைப் புத்தாண்டன்று மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, வீட்டில் மூத்தவர் கையால் கைவிசேஷம் வாங்குவது எமது வழக்கம். கணவன் இல்லாத வீடுகளில் பிள்ளைகளை மாமன் வீட்டுக்கோ பெரியப்பா வீட்டுக்கோ அனுப்பிக் கைவிசேஷம் வாங்க வைக்கும் தாய்மாரை அறிவேன். உறவினரிடம் போவது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் உங்கள் கையால் கொடுங்கள். இருபது ரூபாவாக இருந்தாலும் பரவாயில்லை, வெற்றிலையில் வைத்துக் கொடுங்கள். அந்த வீட்டுக்கு உழைப்பவரும், அந்தப் பிள்ளைகளைப் போரிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவரும் நீங்கள்தானே.